கெட்டி மேளமும் என் கர்னலும்

“இது நடக்கவே நடக்காது” என்று யாராவது அடித்துச் சொன்னால், நடந்தால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி முதலில் போகும். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு தொற்றிக்கொண்ட வியாதி இது.

அப்போது நான் கணினிப் படிப்பு முடித்த புதிது. கணினிக்குள் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அதில் ஒரு பாதுகாப்புப் பகுதியை நானே எழுதி, என் மடிக்கணினியில் ஏற்றியிருந்தேன். (யாரும் கேட்கவில்லை.) திறக்கிற ஒவ்வொரு கோப்பிலும் அனுமதி முத்திரை இருக்கிறதா என்று அது பார்க்கும். முத்திரை இல்லாத கோப்பு வரவே வராது என்பது என் நினைப்பு. தப்பித்தவறி வந்துவிட்டால்? ‘கணினியை அப்படியே நிறுத்து’ என்று ஒரு வரி எழுதி வைத்தேன். சும்மா ஒரு வீறாப்புதான்.

கல்யாணம் எங்கள் ஊரான காஜா பேராங்கில், வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். மேளக்காரர்கள் வந்த வேன் வழியில், செங் என்ற ஊர்ப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. மாமா ஒரு பென்டிரைவோடு ஓடி வந்தார்.

“கிளேபாங்ல இருக்கிற கூட்டாளிகிட்ட வாங்கினேன் லா. அசல் கெட்டி மேளம். உன் கம்ப்யூட்டர்ல போடலாம்தானே?”

“கவலையே படாதீங்க மாமா. இது நிக்கவே நிக்காது.”

“கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்று ஐயர் கையை உயர்த்தினார். நான் கோப்பைத் திறந்தேன். பென்டிரைவில் ஏது முத்திரை? திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கி, அப்படியே உறைந்தன. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மாப்பிள்ளை தாலியோடு பாதி குனிந்தபடி நின்றார். யாரோ தும்மினார்கள்.

“மேளம் எங்க?” அப்பாவின் குரல்.

நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். எனக்கோ, எந்த வரியில் நின்றது என்று தெரிந்தாக வேண்டும்! ஜன்னல் வெயில் திரையில் அடித்தது. கட்டியிருந்த பட்டுச் சேலையோடு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, மணமேடைக்குப் பின்னால் அதை வைத்திருந்த மேசைக்கடியில் தவழ்ந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

வெளியே மாமா, சமையல்காரரின் தட்டையும் கரண்டியையும் பிடுங்கி விளாசத் தொடங்கினார். அந்தத் தகர மேளத்தில்தான் அக்கா கழுத்தில் தாலி ஏறியது. உள்ளே எனக்கும் விஷயம் பிடிபட்டது. சோதனை சரி, தண்டனைதான் தப்பு. முத்திரை இல்லாத ஆளை வாசலில் மறித்தால் போதும். நான் மண்டபத்தையே இழுத்துப் பூட்டியிருக்கிறேன். மறித்ததோடு விட்டிருந்தால் கணினி பிழைத்திருக்கும், வேறு மங்கல இசையாவது போட்டிருக்கலாம். “அட!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்த வரியை அன்று சாயங்காலமே திருத்தினேன். கல்யாண வீடியோவைத்தான் திருத்த முடியவில்லை. தாலி கட்டும் காட்சியில், மாப்பிள்ளைக்குப் பின்னால், மேசைக்கடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். யார் அது என்று எவர் கேட்டாலும் அக்கா இன்றுவரை ஒரே பதில்தான் சொல்கிறாள்.

“என் தங்கச்சி. கல்யாணத்துக்கு வந்திருந்தா. கால் மட்டும்.”