தாத்தாவின் இலையில் நான் உட்கார்ந்த கதை

செத்துப்போனவர் சோற்றைத் தின்றவன் நான். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி வந்து இன்னும் கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. அப்பா பத்து ஆராங் என்ற ஊரில் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தார். நான் மலாக்கா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாகச் சேர்ந்து, காஜா பேராங் பகுதிச் செட்டி வீட்டு மீனாச்சியிடம் மனதைப் பறிகொடுத்திருந்தேன். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பம், ஆனால் வீட்டில் மலாய்தான் பேச்சு. "போகியன்னைக்கு மத்தியானம் சாப்பிட வரட்டும், பார்க்கலாம்" என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பெண் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தச் சாப்பாட்டில்தான் இருந்தது.

பொறுப்பான பிள்ளை என்று காட்ட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். (காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டிருந்தேன், அது வேறு.) வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. சாமி படத்தின் முன்னால் வாழையிலை நிறையச் சோறு, கோழிக் குழம்பு, கீரை, மிளகாய்ச் சம்பால், பொரித்த கருவாடு. பக்கத்தில் ஒரு கிளாஸ் பிராந்தி.

'அடேயப்பா, மாப்பிள்ளைக்கு என்ன கவனிப்பு! கூச்சப்பட்டு எல்லாரும் ஒளிந்திருக்கிறார்கள் போல' என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். கருவாட்டை முதலில் முடித்தேன். கீரையை ஓரமாக ஒதுக்கினேன். பிராந்தி எனக்குப் பழக்கமில்லை. மரியாதைக்காக மடக்கென்று குடித்தேன்.

ஏப்பம் விட்ட நேரம், கொல்லைக் கதவு திறந்தது. குடும்பமே நின்றது.

"அலாமாக்!" என்று அவள் அம்மா தலையில் கைவைத்தார்.

"ஐயோ, அது பர்ச்சு!" என்று மீனாச்சி எனக்காகக் கற்ற தமிழில் அழுதாள். "செத்துப்போன தாத்தாவுக்குப் படைச்சது! அவரு வந்து சாப்பிடத்தான் கதவைத் திறந்து வச்சிட்டு நாங்க வெளிய நின்னோம்!"

பிராந்தியின் போதை அந்த நொடியே இறங்கிவிட்டது. பெண்ணும் போச்சு, மானமும் போச்சு.

அவள் அப்பா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்:

"கருவாடு முதல்ல, கீரை ஓரமா. எங்க அப்பாவும் இப்படித்தான் லா. கப்பலுக்குக் கரி தூக்கிட்டு வீட்டுக்கு வருவாரு, யாருக்கும் காத்திருக்க மாட்டாரு. உங்க அப்பாவுக்கு என்ன வேலை?"

"பத்து ஆராங்ல கரி வெட்டுறாருங்க, ஐயா."

"அப்படிச் சொல்லு! கரி வெட்டுறவரு மகனை, கரி தூக்கினவரு கூட்டிட்டு வந்திருக்காரு!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம்.

இன்றும் போகி வந்தால், படையல் முடியும்வரை மீனாச்சி என்னை அடுப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். போன வருஷம் புது மருமகள் பயபக்தியோடு கேட்டாள்: "மாமாவுக்குப் பிடிச்சதெல்லாம் எழுதி வச்சுக்கட்டுமா அத்தை? பின்னாடி படைக்க உதவுமே."

"ஒண்ணும் வேணாம் லா," என்றாள் மீனாச்சி. "அவரு பங்கு அன்னைக்கே சாப்பிட்டாச்சு."