என் கணவருக்கு வாங்கிய பூட்டு

உலகத்தில் எல்லோரும் திருடனை நினைத்துக்கொண்டுதான் பூட்டு வாங்குவார்கள். நான் என் கணவரை நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம். எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு இருபத்தெட்டு. குளத்தூரில் அவர் சரித்திர வாத்தியார். வீட்டுக்காரம்மா முன்கட்டில் இருக்க, பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஞாயிறு மத்தியானங்களில் தாயம் ஆடுவோம். தோற்றவர் கைதி. சரித்திர வாத்தியார் வீட்டில் வேறு என்ன விளையாட்டு இருக்கும்? கைதியை ஜன்னல் கம்பியில் கட்டிப்போடுவது ஜெயித்தவரின் உரிமை. கட்டிப்போட்ட பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் இருவர் சமாச்சாரம். (அதையும் எழுதினால் என் பிள்ளைகள் பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள்.)

முதலில் பழைய சேலைத் துணியால்தான் கட்டினேன். ஒருநாள் முடிச்சு இறுகிவிட்டது. நகத்தால் பிறாண்டி, பல்லால் கடித்து, கடைசியில் அரிவாள்மனையில் அறுத்து அவரை விடுவித்தேன். மணிக்கட்டு சிவந்து வீங்கி, மறுநாள் அவரால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

"இந்தா பாரு புள்ள, முடிச்சு ஆபத்து. சங்கிலியும் பூட்டுந்தான் பத்திரம். சாவியத் திருப்புனா அடுத்த நொடி விடுதலை" என்றார். வாத்தியார் அல்லவா, உடனே விதிமுறைகள் போட்டார். சங்கிலிக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். உறுத்தாமலிருக்க சங்கிலிக்குத் துணி உறை தைக்க வேண்டும். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்க வேண்டும். கைதி "அரிமளம்" என்று சொன்னால், எந்த நிலையிலும் உடனே திறந்துவிட வேண்டும். அரிமளம் அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். அக்காவை நினைத்தால் அவருக்கு எந்த விளையாட்டும் ஓடாது.

பூட்டு வாங்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்காரம்மாவும் தன் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தார். புதுக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ராவுத்தர் கடை. வெண்தாடி வைத்த பெரிய மனிதர்.

"எதுக்கும்மா பூட்டு? கதவுக்கா, பெட்டிக்கா?"

"ஆளுக்கு..." என்று வாய் உளறிவிட்டது.

"ஆளுக்கா?"

"ஆளுக்கு ஒண்ணு வேணுங்க. எனக்கு ஒண்ணு, வீட்டுக்காரம்மாவுக்கு ஒண்ணு."

வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஒரு பூட்டை எடுத்துக் காட்டினார். "இது ரெண்டு சாவி உள்ளது. ஒண்ணு தொலஞ்சாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். இத எடுத்துக்கங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது சாவி கைதியின் கையில் சிக்கினால் விளையாட்டில் என்ன சுவாரஸ்யம்? "ஒத்தச் சாவி போதுங்க. நல்ல கெட்டியா, யாராலயும் ஒடைக்க முடியாததாக் குடுங்க" என்றேன். (என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!)

"அப்ப இது. அமுக்குனாப் பூட்டிக்கும், சாவியே வேணாம். ஆனா தொறக்க சாவி வேணும். கையில சாவி இருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்கம்மா."

ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் பத்துப் பத்து முறை பூட்டித் திறந்து பரீட்சை பார்த்தேன். பிறகு பூட்டுகளையும் சாவிகளையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரம்மா திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவசரமாக ஒரு பூட்டையும் ஒரு சாவியையும் எடுத்துக் கொடுத்தேன். பெட்டியில் மாட்டி அமுக்கினார், சாவியை இடுப்பில் செருகினார், பஸ் ஏறிவிட்டார். மிச்சச் சாவியை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மத்தியானம் என் கணவர் தாயத்தில் தோற்றார். தோற்றுப்போன ராஜா என்று கண்மையால் ஒரு முறுக்கு மீசை வரைந்துவிட்டேன். வெயில் காலம், இடுப்பில் ஒரு துண்டு மட்டும். வலது கையில் சங்கிலியைச் சுற்றி, இரண்டு விரல் விட்டுப் பார்த்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்து அமுக்கினேன். டக்கென்று அழகான சத்தம்.

அரை மணி நேரம் கழித்து அவர் சிரித்தபடி, "போதும் புள்ள, அவுத்து விடு. தாகமா இருக்கு" என்றார். சாவியை நுழைத்தேன். நுழைந்தது, திரும்பவில்லை. எண்ணெய் விட்டேன். ஊதினேன். பிள்ளையாரை வேண்டினேன். அப்புறம்தான் புரிந்தது. சரியான சாவி திருக்கோகர்ணத்தில், ஒரு கல்யாணப் பந்தலில், வீட்டுக்காரம்மாவின் இடுப்பில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அரிமளம்" என்றார் அவர்.

"தெரியுதுங்க. சாவி சேர மாட்டேங்குது."

"அதில்ல புள்ள. நெசமாவே அரிமளம்! வாசல்ல அக்கா கொரலு கேக்குது!"

ஆமாம். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, முன்கட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியை மறைக்க முடியாது, மீசையையாவது அழிப்போம் என்று கைக்கு எட்டிய விபூதிக் கிண்ணத்தை எடுத்து, தண்ணீர் தொட்டு முகத்தில் தேய்த்தேன். மை கரைந்து விபூதியோடு கலந்து, நெற்றி முதல் மார்பு வரை சாம்பல் பூசியது போலாகிவிட்டது. இடுப்புத் துண்டோ காவி நிறம். (வெள்ளையாக இருந்ததுதான். என் சிவப்புச் சேலையோடு ஊறப்போட்டேன். அது தனி அவமானம்.)

கதவு திறந்தது. அக்கா பார்த்தார். உடம்பெல்லாம் சாம்பல், இடுப்பில் காவி, கையில் சங்கிலி, அழுதுகொண்டு நிற்கும் பெண்டாட்டி.

பலாப்பழம் கீழே விழுந்தது.

"அய்யோ தம்பி! சாமியாராப் போகப் பாத்தியாடா! இந்தப் புள்ள ஒன்னக் கட்டிப்போட்டுல்ல வச்சிருக்கு!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதா, உலகத்தைத் துறப்பதா என்று அவர் யோசித்தது அந்த ஒரு நொடிதான்.

"ஆமாக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "மவராசி! எங்க குலத்தையே காப்பாத்திட்டே! சாவிய எடுக்காத. இவன் சத்தியம் பண்ணட்டும்."

"சாவியே இல்ல மதினி, வீட்டுக்காரம்மா கொண்டு போயிட்டாங்க" என்றேன். அதையும் அவர் என் சாமர்த்தியமாகவே எடுத்துக்கொண்டார். கணவர் கெஞ்சினால் மனம் இளகிவிடும் என்று சாவியை ஊர் கடத்தி விட்டேனாம்!

அக்கா வீட்டுக்காரர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருக்கோகர்ணம் போனார். பரம சாது. ஆனால் வீட்டுக்காரம்மாவை அவருக்கு அடையாளம் தெரியாது. பந்தல் நடுவில் நின்று, "குளத்தூர்ல வாத்தியாரு வீட்டுக்காரம்மா யாருங்க? சாமியாராப் போற எங்க மச்சினனச் சங்கிலி போட்டு வச்சிருக்கோம், சாவி வேணும்" என்று கேட்டிருக்கிறார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம்.

அதுவரை மூன்று மணி நேரம் அக்கா தம்பிக்குப் பலாச்சுளை ஊட்டியபடி குடும்ப வாழ்க்கையின் மேன்மைகளை எடுத்துச் சொன்னார். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட இடது கையை ஓங்க விடவில்லை. சாபம் கொடுக்கிறான் என்று பயம்.

பொழுது சாய்வதற்குள் சாவி வந்தது. கூடவே வீட்டுக்காரம்மாவும், கல்யாண வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். அத்தனை பேர் முன்னால், என் தலையில் கை வைத்து, இனி துறவறம் பூணுவதில்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் பூட்டைத் திறக்க விட்டார் அக்கா.

மறுநாள் தலைமையாசிரியர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, மனக்கஷ்டம் இருந்தால் இரண்டு நாள் லீவு எடுக்கச் சொன்னார். நான் பஸ் ஏறி ராவுத்தர் கடைக்குப் போய், வாயைத் திறக்காமல், அவர் முதலில் காட்டிய இரண்டு சாவிப் பூட்டை வாங்கி வந்தேன். ஒரு சாவி என் கழுத்தில், இன்னொன்று கைதியின் கைக்கெட்டும் ஆணியில். அமுக்கும் முன் இரண்டையும் திருப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

ஆனால் என் புகழை யாராலும் பூட்டி வைக்க முடியவில்லை. வேலைக்குப் போகாத பிள்ளைகளையும் கோயிலே கதியென்று கிடக்கும் மருமகன்களையும் கூட்டிக்கொண்டு ஜனங்கள் யோசனை கேட்க வந்தார்கள். "வாத்தியாரம்மா, நீங்க எப்படிங்க மனச மாத்துனீங்க?" நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "அன்பாத்தான் சொல்லணும்" என்பேன். உள்ளே அவர் புரைக்கேறி இருமுவார்.

குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அக்கா மணப்பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "நம்ம வீட்டு ஆம்பளைகளுக்குச் சாமியார் கிறுக்கு உண்டு, பாத்துக்க" என்று எச்சரிக்கத் தவறுவதில்லை. என் மூத்த மருமகளுக்கும் சொன்னார். அவள் படித்த பெண், எதையும் விசாரிக்காமல் நம்பமாட்டாள். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, மாமா நெசமாவே சாமியாராப் போகப் பாத்தாங்களா?"

அவருக்கு ஐந்து பிள்ளை பெற்ற நான் சொன்னேன்: "ஆமாம்மா. நூலிழையில தப்புனாரு."