நாலு தடவை நின்ற கார்

'தெரியாது' என்று ஒரு சொல் தமிழில் இருப்பதே இருபத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. அப்போது மாத்தளை டவுனில், கொக்கோவும் ஏலக்காயும் வாங்கி விற்கும் முதலாளி ஒருவரிடம் கார் டிரைவராக இருந்தேன். கார் ஓட்டத் தெரியும். ஓடுகிற கார் நின்றுவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "எஞ்சின் என்னாங்க, நாம சொன்னாக் கேக்கும்" என்று சொல்லி வைத்திருந்தேன். (வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஊரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் புளுகைச் சரிபார்க்க ஆள் கிடையாது.)

அந்தப் புளுகை நம்பித்தான் பல்லேபொலப் பக்கத்துத் தோட்டக் கணக்கப்பிள்ளை, தன் மகள் தெய்வானையை எனக்குக் கொடுக்கச் சம்மதித்தார். நிச்சயதார்த்தம் டவுன் கோயிலில். நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. பெண் வீட்டார் பஸ்ஸில் வருவதாகத்தான் பேச்சு. நான் விடவில்லை. முதலாளியின் காரை இரவல் வாங்கி, நானே போய் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டேன்.

"மாப்பிள்ளையே டிரைவர் வேல பாக்குறதா? பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?" என்றார் என் அம்மா.

"பாக்கட்டும்னுதானே போறேன்!" என்றேன்.

முன் சீட்டில் கோட்டும் தலைப்பாகையுமாக மாமா, அதாவது கணக்கப்பிள்ளை. பின்னால் அத்தையும் தெய்வானையும், மடியில் வெற்றிலைத் தட்டும் பழத்தட்டும். தோட்டத்தை விட்டு இரண்டு மைல் வந்திருப்போம். கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

அந்தக் காரில் பெட்ரோல் தொட்டி, முன்கண்ணாடிக்கு முன்னாலேயே இருக்கும். மூடியைத் திறந்து குச்சி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மூடியைப் போட்டேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று புரியாமல், கண்ணில் பட்ட பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டினேன். காரின் மூக்கில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் கார் கிளம்பிவிட்டது! என்னைவிட ஆச்சரியப்பட்டவர் அங்கே யாரும் இல்லை.

"பிளக்குல கரிங்க மாமா. கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்."

மாமா திரும்பி அத்தையைப் பெருமையாகப் பார்த்தார்.

இன்னும் இரண்டு மைலில் மறுபடி நின்றது. மறுபடி குச்சி விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. வயர்களை ஆட்டிவிட்டேன். ஓடியது. "வயர் லூசுங்க மாமா." மூன்றாம் தடவை குச்சி விட்டுப் பார்த்த பிறகு, காபரேட்டரை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினேன். அதற்கும் ஓடியது. "தூசிங்க மாமா."

"ஒரு வண்டிக்கு இத்தன வியாதியா மாப்பிள்ள?" என்று கேட்டார் மாமா. குரலில் பெருமை கொஞ்சம் குறைந்திருந்தது.

நாலாம் தடவை நின்றது, நிழலே இல்லாத வயல் நடுவில். பெட்ரோல் இருப்பதுதான் மூன்று தடவை பார்த்தாயிற்றே என்று நேராக எஞ்சினில் கை வைத்தேன். எல்லாப் பிளக்கையும் கழற்றி மாட்டினேன். பெட்ரோல் குழாயை வாய் வைத்து ஊதப்போய் ஒரு மடக்கு குடித்தும்விட்டேன். மாமா கோட்டைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி, தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. கார் மட்டும் அசையவில்லை.

"மணி பதினொன்ன தாண்டிருச்சுங்க" என்றார் மாமா, மூச்சு வாங்க. "அடுத்த பஸ்ஸுல நாங்க தோட்டத்துக்கே திரும்பிர்றோம். மத்தத பொறகு பேசிக்குவோம்."

'மத்தது' என்றால் கல்யாணம். வேட்டியும் முகமும் கரி. பொய் சொல்லவும் ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல மாமா" என்றேன்.

அப்போதுதான், காலையிலிருந்து வாய் திறக்காத தெய்வானை, தன் தாயிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இந்த வாட்டி அவரு குச்சி விட்டுப் பாக்கலம்மா."

"அதுக்கென்னாடி?"

"மொத மூணு வாட்டியும் அந்த மூடியத் தொறந்தாரு, வண்டி ஓடுச்சு. இப்ப தொறக்கல, ஓடல."

ஓடிப்போய் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் உறுமியது.

பெட்ரோல் இறங்க வேண்டுமானால் தொட்டிக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அந்த 'உஸ்' சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இந்த மூடியில் அதைக் காணோம். தெய்வானை கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். அத்தை மாமாவிடம், மாமா என்னிடம். (இன்னும் நிச்சயமாகவில்லையே, நேரே எப்படிக் கொடுப்பது?) மூடியின் நடுவில், துளை இருக்க வேண்டிய இடத்தில் குத்தினேன். ஊசி முனையில் கறுப்பாக ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. புது பெயின்ட்.

மாமா சில்லைப் பார்த்தார். என் நகங்களில் காய்ந்து ஒட்டியிருந்த அதே கறுப்பைப் பார்த்தார். "யாரு பூசுனது?"

"நான்தாங்க. நேத்து. மூடி துருப்புடிச்சுக் கெடந்துச்சு, நீங்கள்லாம் ஏறுற வண்டி, அழகா இருக்கட்டுமேன்னு... மூணு தடவ அடிச்சேன்."

பின் சீட்டில் 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. தெய்வானைதான். அடக்கப் பார்த்த அத்தைக்கும் வந்துவிட்டது. மாமா மட்டும் முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். காரை எடுத்த பிறகுதான் கவனித்தேன்: அவர் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயில் வாசலில் போய் நின்றோம். என்மேல் அடித்த பெட்ரோல் வாடைக்குக் குருக்கள் கற்பூரத் தட்டை என் பக்கம் கொண்டுவரப் பயந்து, எட்டவே நின்றுகொண்டார். எப்படியோ நிச்சயமாகிவிட்டது.

இப்போது எங்களுக்கு நாலு பிள்ளைகள். வீட்டில் தையல் மெஷின் நின்றாலும் கடிகாரம் நின்றாலும் ஒருவரும் என்னிடம் வருவதில்லை; நேரே தாயிடம்தான் ஓடுவார்கள். அவளும் சாமானைக் கையில் வாங்குவதற்கு முன்னால், நான் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்பாள்:

"ஒங்கப்பா இதுக்குப் பெயின்ட் ஏதும் அடிச்சாரா?"