தீவுக்கு ஏற்கெனவே போய்வந்தவர்

எந்த ஊருக்கும் இரண்டாம் முறை போக அனுமதிக்கவே கூடாத ஓர் இனம் இருக்கிறது. 'ஏற்கெனவே போய்வந்தவர்' என்று அதற்குப் பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் பயணத்துக்குப் பை அடுக்கும்போதே கட்டிலில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே வைத்த குடையை வெளியே எடுத்துப் போட்டு, "அங்க மழையே பெய்யாது, நான் போயிருக்கேன்ல" என்பார். அவர் போனது ஒரே ஒரு நாள். அதுவும் பதினோரு வருடத்துக்கு முன்னால். அன்றைக்கு மழை பெய்யவில்லை. ஆகவே அந்த ஊரில் மழை கிடையாது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் என் சகலை. உறவில் ஒரு கல்யாணத்துக்காக தூரத்தில் ஒரு பெரிய கடலோர நகரத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்து படகில் அரை மணி நேரம் போனால் ஒரு குட்டித் தீவு. அதில் ஒரு பழைய கோட்டை, கோட்டைக்குள் ஒரு சிறை, சிறைக்குள் ஒரு சுவர். அந்தக் காலத்துக் கைதிகள் ஆணியால் தங்கள் பெயர்களைக் கீறிவைத்த சுவர். எங்கள் மனைவிமாரின் மூத்த அக்கா இருபத்தெட்டு வருடம் சரித்திர டீச்சர். பாடப் புத்தகத்தில் சாம்பல் பூசியதுபோல் இருக்கும் அந்தச் சுவரின் படத்தைக் காட்டியே காலத்தை ஓட்டியவர், நேரில் பார்த்ததில்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி குறித்தாகிவிட்டது. மறுநாள் விடியற்காலை ரயில். அந்த ஒரு மத்தியானம்தான் அவருக்கு இருந்தது. அதுவே தாராளமாகப் போதும், கூடச் சகலை வராமல் இருந்திருந்தால்.

படகில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார். இடதுபக்கம் உட்கார்ந்த எங்களை எழுப்பி, "அந்தப் பக்கம் வெயில் மண்டையப் பொளக்கும், இப்படி வாங்க" என்று வலதுபக்கம் உட்காரவைத்தார். போன தடவை அவர் வந்தது காலையில். இப்போது மத்தியானம். சூரியன் அவரைக் கேட்காமல் இடம் மாறியிருந்தது. அரை மணி நேரம் அப்பளம்போலப் பொரிந்தோம்.

இறங்கியதும் அக்கா சிறைக்கு வழி காட்டும் பலகையைப் பார்த்துவிட்டார். "மாப்ள, முதல்ல அந்தச் சுவத்தப் பாத்துருவோமா? கால் வலி கூடுறதுக்குள்ள."

"அது கடைசிக்கா. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. நான் சொல்ற மாதிரி வந்தாத்தான் முழுசாப் பாக்கலாம்," என்றார் சகலை.

அந்த முறை என்ன தெரியுமா? அன்று அவர் டீ குடித்த கடை, அன்று அவர் செருப்பு அறுந்த படிக்கட்டு, அன்று அவர் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பீரங்கி. சரித்திரம் என்பது சகலையின் செருப்போடு தொடங்குகிறது. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது கழிப்பறை. அதன் வாசலில் எங்களை நிறுத்திவைத்து அந்த டீயின் சுவையை விளக்கினார். பீரங்கியைக் காணோம். செல்போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபடி, கோட்டை மதிலை இரண்டு சுற்று சுற்றவைத்தார். எதிரே வந்த காவலாளி, அதை நகரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோய் நாலு வருடமாகிறது என்றார். நம்புவாரா? "இவருக்கு என்னங்க தெரியும், புது ஆளு" என்று எங்களிடம் கிசுகிசுத்துவிட்டு மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பினார். தினமும் அங்கேயே கிடக்கிற காவலாளி புது ஆள், ஒரு நாள் வந்து போனவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். ஒரு முறை திறந்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் திரும்பவும் மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா மதிலைப் பிடித்துப் பிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

சிறை வாசலுக்குப் போனபோது மணி நாலைத் தாண்டி ஐந்து நிமிஷம். காவல்கார அம்மா பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு மணியோட முடிஞ்சுதும்மா. நாளைக்குக் காலைல ஒம்பதுக்குத் தொறப்போம்."

"நாளைக்கு நான் ரயில்ல இருப்பேம்மா. ஒரே ஒரு நிமிஷம்," என்றார் அக்கா. பள்ளிக்கூடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார். அந்த அம்மாவின் முகம் இளகியது. சாவி பூட்டுக்குள் திரும்பவும் நுழைந்தது. அங்கேதான் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்கே வந்தார்.

"வேண்டாம்மா, நீங்க பூட்டுங்க. கடைசிப் படகு போயிரும். உள்ள ஒண்ணுமே இல்லக்கா, வெறும் காரை பேந்த சுவரு. நான் போயிருக்கேன்ல?"

பூட்டு விழுந்தது. கடைசிப் படகு நாலரைக்கு என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போய்வந்தவர்கள் பலகை படிப்பதில்லை.

திரும்பும் படகில் அக்கா முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "வருஷா வருஷம் பிள்ளைங்க கேக்கும், டீச்சர் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களான்னு," என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்களாவது சொல்லுங்க மாப்ள. பேரெல்லாம் படிக்கிற மாதிரி இருந்துச்சா?"

சகலை வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "நான் எங்கக்கா உள்ள போனேன்? எங்க மாமா வாசல்லயே சொல்லிட்டாரு, ஒண்ணுமில்லன்னு. அவரு அதுக்கு முன்னாடியே வந்திருக்காரு."

அந்த மாமாவுக்கு யார் சொன்னார்களோ. அக்கா முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சகலையை அப்படியே தூக்கித் தண்ணீரில் போட வேண்டும்போல இருந்தது. நீச்சல் தெரிந்த மனிதர், பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இது யார், மாமாவா மச்சானா என்று ஆள் தேடுகிறீர்கள். நன்றாகத் தேடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம்: போன மாதம் உங்களிடம் ஒருவர் ஆசை ஆசையாக ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, லீவுக்கு அங்கே போகப்போவதாகச் சொல்ல ஆரம்பித்தாரே, அவரை அந்த வாக்கியத்தை முடிக்க விட்டீர்களா?