பூஜையில் வைத்த கம்ப்யூட்டரும் பாதி வழியில் நின்ற அத்திம்பேரும்

மயிலாப்பூர்,
14-10-97

மகாராஜராஜஸ்ரீ ஜெயராம் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் கபாலி அநேக நமஸ்காரம். இவ்விடம் ஜானுவும் உங்கள் புத்திரி மதுவந்தியும் சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதைக் கடிதத்தை முடித்துவிட்டு நீங்களே தீர்மானிக்கலாம்.

"இந்த அனிமேஷன் படிப்பு அவளுக்கு வருமா, இல்லை தீபாவளிக்கு வந்து கையோடு நாகபுரிக்கு அழைத்துப்போய் அடுத்த வருஷம் பி.காம். சேர்த்துவிடட்டுமா, ஒளிக்காமல் எழுது" என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அடையாறில் அந்தக் கலைக் கல்லூரியில் சேர்ந்த நாளாய் இந்த வீட்டில் ஒரு ஜீவன் நிம்மதியாய் அசைய முடியவில்லை. பஸ் பிரேக் போட்டால் ஜனங்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போகிறாள். ஜானு தோசையைத் திருப்பினால் "மாமி, இன்னொரு தரம், மெதுவா" என்கிறாள். அன்றைக்கு ஒரே தோசை பதினாறாயிரம் தடவை திருப்பப்பட்டு, அப்பளமாகி என் இலைக்கு வந்து சேர்ந்தது. நான் தும்மினால் நோட்டும் பென்சிலுமாக எதிரே வந்து நிற்கிறாள். "தும்மறதுக்கு முன்னாடி ஒரு முழி முழிக்கறேளே மாமா, அதான் எனக்கு வேணும்."

இதெல்லாம் போகட்டும். பரீட்சைக்குப் பதிலாக ஒரு குட்டிப் படம் எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டுமாம். அதற்காக யாரோ சீனியரிடம் இரவல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று ஆட்டோவில் அவள் மடியில் உட்கார்ந்து வந்து இறங்கியது. பொம்மை நகர வேண்டுமென்றால் ஒவ்வொரு அசைவையும் அந்தப் பெட்டி தனித்தனிப் படமாக வரைய வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர் காபி ஆறிப்போகிற நேரம். ஆகவே அது புதன்கிழமையிலிருந்து ராப்பகலாக, கும்பகர்ணன் குறட்டை விடுகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. உங்களுக்குத் தெரியாததா, அன்றைக்குப் புத்தகமும் கருவியும் பூஜையில் ஏறினால் மறுநாள் புனர்பூஜை வரை தொடக்கூடாது. லீவு நாளென்றும் பாராமல் அவள் காலேஜுக்குப் போயிருந்தாள். பூஜையில் இருக்கிற வஸ்து வேலை செய்யலாமோ? சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தேன். சந்தனம், குங்குமம், ஜரிகை அங்கவஸ்திரம், கதம்ப மாலை. திருப்பதியில்கூட அப்படியொரு அலங்காரம் நடந்திருக்காது.

சாயங்காலம் வந்து பார்த்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, அது வேலை பண்ணிண்டிருந்ததே!"

"சரஸ்வதி பூஜையன்னிக்கு என்னடி வேலை?"

"அப்பா ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு நடந்துண்டிருந்தார் மாமா. பாதி வழியில நிறுத்திட்டேள்."

அவள் படமே நீங்கள்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பூஜையில் வைத்ததை எப்படி எடுப்பது என்று நான் சாஸ்திரம் பேச வாயெடுத்தேன். ஜானு விட்டால்தானே! "ஏன்னா, சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க முதல்ல ஸ்விட்சைப் போடுங்கோ" என்றாள். போட்டேன். வரைந்து முடித்த பாதிதான் பிழைத்திருந்தது. திடுதிப்பென்று நிறுத்தியதில் மீதிக்கு அவள் போட்டு வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோயிற்று. அவள் அழவில்லை, அத்திம்பேர். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாயிருந்திருக்கும். "மீதியைக் கையால வரையறேன், நீங்க அப்பாவா நடங்கோ" என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். கணக்குப் பார்த்தால் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பேன். "இடது தோளை இறக்குங்கோ, அப்பா டிபன் பை அந்தப் பக்கம்தான் மாட்டிப்பார்." "செருப்பு வாரைச் சரி பண்ணறப்போ பையைத் தரையில வைக்கமாட்டார், கக்கத்துல இடுக்கிப்பார்." உங்களை இருபது வருஷமாகப் பார்க்கிற எனக்கு இதெல்லாம் தெரியாது. இஸ்திரி வண்டி சண்முகவேல் தெருவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சாமி, காலையிலேர்ந்து அதே எடத்துல போய்க்கினு வந்துக்கினு கீற, எதுனா தொலைச்சிட்டியா?" என்றான். "ஆமாம்ப்பா, என் நடையை" என்றேன்.

ஆகவே என் தீர்ப்பு: தீபாவளிக்கு வரும்போது திரும்பிப்போக இரண்டு டிக்கெட் எடுத்துவிடுங்கள். இப்படியொரு கண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு சம்சாரம் பண்ண முடியாது. பி.காம். படித்துப் பாங்க்கில் உட்கார்ந்தால் அங்கே யாருமே அசையமாட்டார்கள். அவளுக்கும் ஓய்வு, உலகத்துக்கும் ஓய்வு.

அக்காவுக்கு என் நமஸ்காரமும், உங்களுக்குக் கபாலீஸ்வரர் கடாட்சமும், என் முழங்கால்களுக்கு அங்கிருந்து ஏதாவது தைலமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டே எழுதும்
கபாலி

பி.கு.: மேலே இருப்பது ஒரு வரிகூடச் செல்லாது. தபாலில் போடுவதற்குள் இன்று புதன்கிழமை காலேஜில் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். நானும் ஜானுவும் போனோம். பளபளவென்று நடந்து வந்த நீங்கள் பாதி வழியில் பென்சில் கோடாக மாறுகிறீர்கள். ஆஹா, என்ன கற்பனை என்று வாத்தியார்கள் புகழ, இவள் எழுந்து, "இல்லை சார், எங்க மாமா பூஜை பண்ணிட்டார்" என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கிண்டி வரை கேட்டிருக்கும். அப்புறம் கடைசிக் காட்சி. வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள், மணியை அடிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்து, சிரிப்பு ஒன்றை வரவழைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் அடிக்கிறீர்கள். "தினமும் அப்படித்தான் மாமா. சின்ன வயசுலேர்ந்து ஜன்னல் வழியா பாத்திருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது" என்றாள். என் கைக்குட்டையை ஜானு பிடுங்கிக்கொண்டுவிட்டாள், எனக்கும் வேண்டியிருந்தது. திரும்பிப்போக ஒரு டிக்கெட் போதும், அத்திம்பேர். இங்கே எங்கள் வீட்டு மணியை அடிக்கும்போது முகத்தைத் துடைக்க வேண்டாம். அப்படியே வாருங்கள்.