டஸ்ட்டுக்கும் பி.ஓ.பி.க்கும் நடுவில் ஒரு முகம்

வெளிநாட்டுக்குப் போனவர்களில் பல இனங்கள் உண்டு. இறங்கிய மறுநாளே கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் அனுப்பும் இனம், போன நாளிலிருந்தே திரும்பிவரும் நாளை எண்ணும் இனம், மூன்றே மாதத்தில் கறிவேப்பிலைக்குத் தமிழில் என்ன பேர் என்று யோசிக்கும் இனம். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். இங்கே சொல்ல வந்தது தேய்ப்பாளரைப் பற்றி. போன இடத்தில் வேலை, வெந்நீர், வைஃபை எல்லாம் அமைந்த பிறகும், முகத்தைத் தேய்த்துக் கழுவ நல்லதாக ஒன்று கிடைக்கவில்லையே என்று கலங்குகிறவர்தான் தேய்ப்பாளர்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் விதுஷாவுக்கு இந்த இனத்தில் ஓர் அக்கா உண்டு. பெரியப்பா மகள் ஜீவராணி. இரண்டு வருடமாகச் சார்ஜாவில் இருக்கிறாள். விதுஷா பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். குறைவாகப் பேசுவாள், அதனாலேயே எல்லாரும் அவளிடம் நிறையப் பேசுவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தெமோதரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது.

"விது, நான் செத்தேன்டி."

"எங்கக்கா இருக்கீங்க?"

"பாத்ரூம்ல. மொகம் உரியுது. மூக்குக்கு ரெண்டு பக்கமும் பல்லி சட்ட கழட்டுற மாதிரி."

"பாம்புதான்க்கா சட்ட கழட்டும்."

"இந்த ஊரு வெயில்ல பல்லியும் கழட்டும். வாத்தியாரம்மா வேலைய அங்க வச்சுக்க."

"ஏதாவது வாங்கித் தேய்க்க வேண்டியதுதானே. நீங்க வேல செய்யிறதே கிரீம் கடையிலதானே?"

"அதத்தான்டி சொல்ல வர்றேன். நானூறு டப்பா இருக்கு. ஒண்ணுகூட சரியில்ல."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. சிக்னல் போய் மறுபடி வந்தது. அதற்குள் ஜீவராணி அழுது முடித்திருந்தாள்.

"பதினாலாம் தேதி கடை மேடம் கூப்பிட்டு மொகத்தப் பாக்கும். மொகம் சுத்தமா இருந்தா கவுன்டர்ல நிக்கலாம். இல்லாட்டி இன்னும் ஒரு வருஷம் ஸ்டோர்ல பொட்டிதான் தூக்கணும். ஏ.சி.யும் கெடையாது."

"இன்னும் மூணு வாரம் இருக்கேக்கா."

"மூணு வாரத்துல ஒரு மொகம் வளருமாடி?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

இனி, தேய்ப்பாளர் கடைக்குள் நுழைவதைப் பாருங்கள். விலையைப் பார்க்கமாட்டார், டப்பாவின் மேலே சிரிக்கும் பெண்ணைப் பார்க்கமாட்டார். மாதிரிக்குத் திறந்து வைத்திருப்பதில் ஒரு துளி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டி, காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்டு, மோந்து, முழங்கைக்குக் கீழே தேய்த்து, தேய்த்த இடத்தில் பேனாவால் ஓர் எண்ணும் போட்டுக்கொள்வார். ஜீவராணியின் இடது கையில் அந்த வாரம் பதினொன்று வரைக்கும் எண்கள் இருந்தன. கூட இருந்த பெண்கள் அது ஏதோ நோன்பு என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

ஒன்றில் வாதுமைக்கொட்டையை உடைத்துப் போட்டிருந்தார்கள். கன்னம் கிழிந்தது. ஒன்றில் சீனி. தேய்க்கத் தொடங்குமுன் கரைந்தது. ஒன்றில் மணியே இல்லை. ஏதோ அமிலமாம், அது தானாகவே தோலைத் தின்றுவிடுமாம். "தின்னுட்டு எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியுமா?" என்று ஜீவராணி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கமும் படமாகத் தெமோதரைக்கு வந்துசேரும். நகத்தளவு இடத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கிலம். விதுஷா அதைப் பெரிதாக்கிப் படித்து, அகராதி பார்த்து, தமிழில் சொல்லுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அதெல்லாம் இருக்கட்டும். சைஸ் என்னன்னு போட்டிருக்கா?"

ஏனென்றால் ஜீவராணி தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடை அறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்யும் பொன்னையாவின் மகள். மற்ற பிள்ளைகள் சிறியது, பெரியது என்று படித்த வயதில் அவள் பி.ஓ.பி., டஸ்ட் என்று படித்தவள். பி.ஓ.பி. என்றால் கொஞ்சம் பெரிய தேயிலைத்தூள். டஸ்ட் என்றால் மாவு போன்ற பொடித்தூள். கடற்கரை மணலைக்கூட அவள் அப்படித்தான் தரம் பிரித்தாள். சார்ஜாவில், மருத்துவர் அங்கி போன்ற வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்த விற்பனைப் பெண் ஒரு புதிய டப்பாவைப் புகழ்ந்து கால் மணி நேரம் பேசியபோது, இவள் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "திஸ் இஸ் பி.ஓ.பி., ஐ வான்ட் ஸ்மால்" என்றாளாம். அந்தப் பெண் கடை முழுவதும் அப்படி ஒரு பிராண்டைத் தேடினாளாம்.

இதே ஜீவராணி ஊரில் இருந்தபோது எப்படி இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய அம்மா கருப்பம்மா, பாசிப்பயறும் சிவப்பரிசியும் காய்ந்த தோடம்பழத் தோலும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து இடித்து, வெள்ளிக்கிழமை தோறும் நீட்டுவார். "நான் என்ன தோசைக்கல்லாம்மா, மாவு ஊத்துறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதுளை பஸார் வரைக்கும் போய், எழுத்துப் புரியாத வெளிநாட்டு டியூப் ஒன்றை வாங்கிவருவாள். இங்கே இருக்கும்போது அங்கேயுள்ளது. அங்கே போனதும் இங்கேயுள்ளது. தேய்ப்பாளரின் முகம் எந்த நாட்டில் இருந்தாலும், அதற்கு வேண்டிய பொருள் மட்டும் எப்போதும் அடுத்த நாட்டில்தான் இருக்கும்.

ஆகவே பத்து நாள் மிச்சமிருக்கையில் அந்த அழைப்பு வந்ததில் வியப்பில்லை. விதுஷா போனைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தாள்.

"அப்பா, அம்மா இடிக்கிற அந்த மாவு கொஞ்சம் வேணும்."

"தோசைக்கல்லுக்கா?" என்றார் பொன்னையா. மறக்கவில்லை.

"அப்பா."

"சரி, சரி. சைஸ் சொல்லு."

"பி.ஓ.பி.ய விடச் சின்னது. டஸ்ட்ட விடக் கொஞ்சம் பெருசு."

அந்தப் பக்கம் மகள் காத்திருந்தாள். இந்தப் பக்கம் பொன்னையா எழுந்து நின்றார். இருபத்தாறு வருடத்தில் வீட்டில் ஒருவர்கூடத் தானாக அவரிடம் சைஸ் பற்றிக் கேட்டதில்லை. அவர் பேசத் தொடங்கினால் டீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். மறுநாள் லீவு போட்டார். தொழிற்சாலையில் கழித்துவிட்டதைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் மாட்டியிருந்த பழைய கைச்சல்லடைகள் இரண்டை இறக்கினார். கருப்பம்மா இடிக்க இடிக்க, ஒன்றில் சலித்துப் பெரியதை ஒதுக்கினார், மற்றதில் சலித்துப் பொடியை ஒதுக்கினார், நடுவில் நின்றதை வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, விதுஷாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? ஒண்ணு போல இருக்கு. பாக்டரி டீமேக்கர் ஐயா பாத்தாகூட குத்தம் சொல்ல முடியாது."

பொதியின் மேல், தேயிலை மூட்டைக்கு எழுதுவது போலவே தோட்டத்தின் பேர், தேதி, எடை எல்லாம் எழுதினார். தரம் என்ற இடத்தில் மட்டும் சற்று யோசித்துவிட்டு, 'மூஞ்சி நம்பர் 1' என்று போட்டார். பதுளை டவுனிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஷாமில் என்ற பையன் அதைத் தன் சட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டுபோய், பதின்மூன்றாம் தேதி சேர்த்துவிட்டான்.

பதினாலாம் தேதி காலை, விதுஷா வகுப்புக்குக் கிளம்பும் நேரம். வீடியோ அழைப்பு. திரையில் ஜீவராணி.

"விது, சாயம் எறங்கிருச்சுடி."

விதுஷா பார்த்தாள். உரிந்த தோல் ஒன்றுகூட இல்லை. மூக்கோரம், கன்னம், நெற்றி எல்லாம் பளிங்கு. ஆனால் அந்தப் பளிங்கு முழுவதும், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், நன்றாக ஊறிய பிளேன்டீயின் நிறத்தில் இருந்தது. கழுத்திலிருந்து கீழே பழைய ஜீவராணி.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

"சாமான் நல்லா இருந்துச்சா, ஒரு மணி நேரம் விட்டுட்டேன். மூணு சோப்புப் போட்டாச்சு, போகல. பத்து மணிக்கு மேடம் வரும். எனக்கு இனி ஸ்டோருதான்."

விதுஷா வகுப்புக்குப் போகாமல் பெரியப்பா வீட்டுக்கு ஓடினாள். அவள் ஓடி அந்த லயத்து வீட்டு வரிசையில் எவரும் பார்த்ததில்லை.

"பெரியப்பா, மாவு சலிக்கும்போது சல்லடையக் கழுவினீங்களா?"

பொன்னையா அவளை மேலும் கீழும் பார்த்தார். படித்த பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டதே என்ற பார்வை.

"சல்லடைய யாராச்சும் கழுவுவாங்களா? துருப்புடிச்சுப் போகும். தட்டித்தான் வைக்கணும். ஏன் கேக்குற?"

"சும்மாதான், பெரியப்பா."

எத்தனையோ வருடத்துத் தேயிலை அந்தக் கம்பிகளில் படிந்திருந்தது. தட்டினால் போகிற படிவா அது? பாவம், அக்கா தேய்த்தது பாதி பயறு, பாதி தொழிற்சாலை. விதுஷா அதை அப்படியே அக்காவுக்கு எழுதி அனுப்பினாள்.

அன்று விதுஷா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். சார்ஜாவில் பத்து மணி என்றால் இங்கே பதினொன்றரை; அதற்குப் பிறகு போன் அடிக்க வேண்டும்; அடிக்கவில்லை. பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. மூன்றேகாலுக்கு அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும், அதுவும் குசுகுசுவென்று.

"மேடம் வந்துச்சு. கன்னத்துல வெரல வச்சுத் தேச்சுப் பாத்துச்சு. வெரல்ல ஒண்ணும் ஒட்டல. 'இந்தக் கலருக்கு வெள்ளக்காரங்க எவ்வளவு குடுப்பாங்க தெரியுமா, எந்தக் கம்பெனி?'ன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க அப்பா கம்பெனின்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"நான் இப்ப எங்க நிக்கிறேன்னு நெனைக்கிற? கவுன்டருக்குப் பின்னால. வெள்ளக்கோட்டு குடுத்துட்டாங்க. கொஞ்சம் பெருசு. பி.ஓ.பி. சைஸ்."

விதுஷா சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்ததில் வீட்டுக்கோழி இரண்டடி தள்ளிப்போய் நின்றது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் குளியலறை ஜன்னலுக்குப் போய், பாதி பிதுக்கிய டியூப்கள் எத்தனை வரிசையாக நிற்கின்றன என்று பாருங்கள். அதில் எதைப் பற்றியாவது, "அங்க கிடைக்கிறது மாதிரி வராது" என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டியது உண்டா? அப்படியானால் முழங்கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எண் இருந்தாலும் இருக்கும்.

ஜீவராணி அன்று போனை வைக்குமுன் ஒன்று கேட்டாள். கவுன்டரில் யாரோ வந்துவிட்டார்கள் போலும், குரல் இன்னும் தணிந்தது.

"விது, இன்னும் அரைக் கிலோ சலிச்சு அனுப்பச் சொல்லுடி. சாயம் எறங்கினத மட்டும் அப்பாகிட்டச் சொல்லாத. மனசு கஷ்டப்பட்டு, அந்தச் சல்லடையக் கழுவிடப் போறாரு."