மூவாயிரம் சிசி மாப்பிள்ளை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதை விட்டுவிடுங்கள், அதற்கு இந்தக் கதையில் வேலை கிடையாது. அதே காட்டில் சுடலைமணி என்று ஒரு கீரி இருந்தான். அவனுக்குப் பெண் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் கதை.

சுடலைமணியிடம் ஒரு சின்னச் சிவப்புக் கார் இருந்தது. எண்ணூறு சிசி இன்ஜின். அந்தக் காட்டு வண்டிகள் இலுப்பை எண்ணெயில் ஓடின. காட்டுக்கே ஒரு பங்க், அது கரடியுடையது. சுடலைமணி எப்போதாவது அங்கே போய் நின்றால், "யாரு, புதுசா இருக்கீங்க?" என்று கரடி கேட்கும். அவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கிற வண்டி. குறை என்று பார்த்தால் ஒன்றுதான். நாலு பேரை ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு மலை ஏறினால் பாதி வழியில் மூச்சு வாங்கும். உடனே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏறிடு ராசா" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பான். ஏறிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் சுடலைமணியின் வீடு, இந்தப் பக்கம் செண்பகவல்லி என்கிற கீரிப்பெண் இருந்தாள். கட்டினால் அவளைத்தான் என்று சுடலைமணி இருந்தான். அவளுக்கும் அதே எண்ணம்தான். இடையில் இருந்தவர் அவளுடைய அப்பா குருசாமி.

அந்தக் காட்டில் பெண் கேட்டு வருகிறவனிடம் வேலை என்ன, குலம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாகரிகம் வளர்ந்துவிட்டது. வண்டி எத்தனை சிசி என்றுதான் கேட்பார்கள். சிசி என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. காட்டுப்பன்றி அதை வண்டியின் ரத்த அழுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தது. கூடினால் கௌரவம், குறைந்தால் கேவலம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வண்டி எத்தனை சிசி தம்பி?" என்றார் குருசாமி.

"எண்ணூறு மாமா."

நீட்டிய காபி டம்ளரைக் குருசாமி பாதியிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார். "என் மூத்த மாப்பிள்ளை வண்டி ரெண்டாயிரம். அதுக்குக் கீழ இறங்கினா சொந்தக்காரங்க முன்னாடி நான் எப்படித் தலைகாட்டுறது?"

"மைலேஜ் நல்லா குடுக்கும் மாமா."

"மைலேஜையா வாசல்ல நிறுத்தி வைக்க முடியும்?"

வெளியே வந்தவனை வேலியோரம் செண்பகவல்லி மடக்கினாள். "அப்பா சொல்றதுக்கெல்லாம் ஆடாதீங்க. அந்தச் சின்ன வண்டியிலயே வாங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றாள். நல்ல யோசனை. ஆனால் ரோஷம் வந்த கீரிக்குக் காது கேட்காது. நேரே கிளியின் கார்க் கடைக்குப் போனான்.

கிளி டை கட்டியிருந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிற வித்தை பிறவியிலேயே வந்திருந்ததால் வியாபாரத்தில் அதை அடிக்க ஆள் இல்லை.

"சிசிங்கிறது இன்ஜினோட வயிறு சார். வயிறு பெருசா இருந்தா ஒவ்வொரு வாய்க்கும் எண்ணெயும் காத்தும் நிறைய உள்ள போகும். நிறைய எரியும், நிறைய பலம் வரும். நீங்க இழுக்கிற பாரமும் யானை இழுக்கிற பாரமும் ஒண்ணா சார்?"

"யானை சும்மா நிக்கும்போதும் தின்னுக்கிட்டேதானே இருக்கும்?" என்றான் சுடலைமணி.

"நல்ல கேள்வி சார்" என்ற கிளி, வேறு பக்கம் பார்த்தபடி சீட்டின் தோலைத் தடவிக் காட்டியது.

"மைலேஜ்?"

"அதைக் கேக்கிறவங்க இந்த வண்டி வாங்குறதில்ல சார்."

சிவப்புக் காரைக் கொடுத்து, போதாததற்குத் தான் பாம்பு பிடிக்கிற மேட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மூவாயிரம் சிசி கறுப்பு வண்டியில் சுடலைமணி ஏறி உட்கார்ந்தான். ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், மலைச்சாலையில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் அந்த வண்டி பறந்தது. ஏசி குளுகுளுவென்று ஓடியபடியே இருக்க, மலை சமதரை மாதிரி கீழே இறங்கிப் போயிற்று. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சுடலைமணி ஒரு சிறுத்தையை முந்தினான். சிறுத்தை அன்று சாப்பிடவில்லை என்று கேள்வி. திரும்பும் வழியில் பங்க்கில் நிறுத்தினான். கரடி எழுந்து நின்று கும்பிட்டது.

குருசாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மூவாயிரமா?" என்று ஒருமுறைதான் கேட்டார். அடுத்த வார்த்தை, "மாப்பிள்ளை, காபி ஆறுது."

கல்யாண நாள் வந்தது. அந்தக் காட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு முறை உண்டு. காலையில் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை தன் காரிலேயே வர வேண்டும். முன்னால் நாதஸ்வரம் போகும். நாதஸ்வரத்தை முந்தினால் கல்யாணம் நின்றுவிடும். நடுவில் வண்டியை விட்டு இறங்காமல் வந்து சேர வேண்டும், முகூர்த்தத்துக்குள் வர வேண்டும். தவறினால் பெண்ணைக் கொடுக்க மாட்டார்கள்.

நாதஸ்வரம் வாசிப்பவர் ஆமை.

ஆமை பெரிய வித்வான். ராகத்தை அவசரப்படுத்தி யாரும் கேட்டது கிடையாது. நடையும் அதே பாணிதான். ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று, கண்ணை மூடி, கூட்டம் தலையாட்டி முடிக்கும் வரை வாசித்துவிட்டு அடுத்த காலை எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் மூவாயிரம் சிசி, சிறுத்தையை முந்திய வண்டி, உறுமிக்கொண்டே நின்றது. நின்ற இடத்திலேயே எண்ணெய் குடித்தது. பட்டு வேட்டி கசங்காமல் இருக்க ஏசி வேறு ஓடியது. எண்ணெய் முள் இறங்குவதைச் சுடலைமணி பார்த்தான். பிறகு பார்ப்பதை நிறுத்தினான். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடியை இறக்கி, "அண்ணாச்சி, கொஞ்சம் எட்டி நடக்கலாமா?" என்று கெஞ்சினான்.

"தோடி வாசிக்கும்போது துரத்தாதீங்க தம்பி" என்றார் ஆமை.

மண்டபத்து வாழைமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மேட்டில், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் இருமல் மட்டும் வந்தது. சுடலைமணி கூட்டத்தில் கரடியைத் தேடினான். கரடி தாம்பாளத்தோடு சிரித்தபடி வந்துகொண்டிருந்தது.

"பங்க்குல யாரு இருக்கா?"

"நானே இங்கதானே இருக்கேன். உங்க கல்யாணத்துக்காகப் பூட்டிட்டு வந்திருக்கேன்ல" என்று பெருமையாகச் சொன்னது கரடி.

எண்ணூறு சிசியாக இருந்தால் ஆமைக்குப் பின்னால் அடுத்த அமாவாசை வரைகூட வந்திருக்கும். செண்பகவல்லி சொன்னதைக் கேட்டிருந்தால் இந்நேரம் மாலையும் கழுத்துமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவளை இழந்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை வந்தது, உள்ளபடியே அழுதான்.

விருந்துக்கு வந்த யானை, பந்திக்கு நேரமாகிறதே என்கிற கவலையில், யாரும் கேட்காமலேயே நெற்றியை வண்டியின் பின்புறம் வைத்துத் தள்ள ஆரம்பித்தது. வண்டி நகர்ந்தது. சத்தம் கேட்டு மண்டபத்திலிருந்து குருசாமி ஓடி வந்தார். சுடலைமணி மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

குருசாமி வண்டியைப் பார்த்தார். தள்ளுகிற யானையைப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்துக்கோங்க" என்று சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "மூத்தவர் வண்டி தானா ஓடுறது. அது யார் வண்டியும் ஓடும். இவர் வண்டியை அசைக்கவே யானை வேண்டியிருக்கு."

சொந்தக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கெட்டிமேளம் கொட்டியது. சுடலைமணி தாலி கட்டினான்.

சாப்பாடு முடிந்து மலைக்கு அந்தப் பக்கம் மறுவீடு கிளம்ப வேண்டிய நேரம். கறுப்பு வண்டி அசைவதாக இல்லை, யானையும் பாயசத்துக்குப் பிறகு அசைவதாக இல்லை. குருசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாப்பிள்ளையை மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே தென்னங்கீற்று மறைப்புக்குள் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது.

"இது என் பழைய வண்டில்லா மாமா."

"மெதுவாப் பேசுங்க. கிளி கடையில வாங்கிட்டேன். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாத்துக்கும் இதுலதான் போறேன், இருட்டின பிறகு. மூத்த மாப்பிள்ளை வண்டியில கோழி அடைகாக்குது, கிளப்ப முடியல."

டிரைவர் சீட்டில் செண்பகவல்லி பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டுச்சோறு.

"அப்பாவை வாங்கச் சொன்னதே நான்தான்" என்றாள். "ஏறுங்க. ஏசி போட மாட்டேன், ஏத்தம் இருக்கு."

கண்ணாடியை இறக்கிவிட்டு, எண்ணெய் முள் அசையாமல், இரண்டு கீரிகளும் மலை ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். கறுப்பு வண்டி குருசாமியின் வாசலிலேயே தங்கிவிட்டது. அதிலும் இப்போது ஒரு கோழி இருக்கிறது, உசத்தியான ஜாதிக் கோழி. வழியில் போகிறவர்கள் நின்று எத்தனை சிசி என்று கேட்டுவிட்டு, கேட்ட பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நீதி: பெண் கேட்கப் பெரிய இன்ஜினில் போ, பெண்ணைக் கூட்டிக்கொண்டு சின்ன இன்ஜினில் வா, நடுவில் வண்டி நின்றுவிட்டால் வெட்கப்படாதே, தள்ளுவதற்கு யானையைக் கூப்பிடு.